புயல் காலத்துக்கு முன் கடையும் கணக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை கடற்கரை மாவட்டங்களில் கடை, பட்டறை, சிறு அலுவலகம் நடத்துபவர்கள் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணைக் காட்டியிருக்கிறோம்.

1. “புயல்னா ரெண்டு நாள் ஷட்டரை இறக்கிட்டு வீட்ல இருந்தாப் போச்சு. இதுக்கு என்ன பெரிய தயாரிப்பு?”

இரண்டே நாளில் முடிந்தால் நீங்கள் சொல்வது சரி. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடக்க ஒரு பகல்தான் ஆனது. ஆயிரக்கணக்கான மரங்கள் மின்கம்பிகள் மேலும் இணையக் கேபிள்கள் மேலும் விழுந்ததால், பல தெருக்களில் கரண்ட் வர நாள்கணக்கானது. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா, டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. அங்கே சில கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன.

உங்கள் கட்டடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறாவிட்டாலும் தொழில் நிற்கலாம். சென்னை வெள்ளத்தின்போது, 2015 டிசம்பர் 2 அன்று, ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் சென்னையில் வெளிவரவில்லை. 1878-இல் தொடங்கியதிலிருந்து அப்படி நடந்தது அதுவே முதல்முறை. மறைமலை நகரில் இருக்கும் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச்சேர முடியாததே காரணம்.

ஆகவே தண்ணீர் ஏறுவது, கரண்டும் நெட்டும் போவது, ஆட்கள் வர முடியாமல் போவது ஆகிய மூன்றையும் தனித்தனியாக யோசியுங்கள். ஒன்றுக்கான ஏற்பாடு இன்னொன்றுக்கு உதவாது. மேசையும் கம்ப்யூட்டரும் போனால் வாங்கிக்கொள்ளலாம். யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதனால் இந்தப் பக்கத்தில் பாதிக்கு மேல் கணக்கைப் பற்றித்தான் பேசுகிறோம்.

2. “புயல் ஆந்திராவுக்குப் போகுதுன்னு டிவியில சொல்லிட்டாங்க. அப்ப நமக்குப் பயமில்லைதானே?”

2023-இல் மிக்ஜாம் கரை கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே, டிசம்பர் 5 அன்று. அதற்கு முந்தைய இரண்டு நாள்களில் சென்னைக்கு அருகே கடலில் மெதுவாக நகர்ந்தபடியே கொட்டித் தீர்த்ததில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் மூழ்கின. விமான நிலையத்தின் ஓடுபாதையே தண்ணீரில் நின்றது. எங்கே கரை கடக்கிறது என்பது காற்றைப் பற்றிய செய்தி. உங்கள் கடைக்குள் தண்ணீர் வருமா என்பதற்கு, புயல் எவ்வளவு மெதுவாக நகர்கிறது, உங்கள் மாவட்டத்துக்கு என்ன மழை நிறம் கொடுத்திருக்கிறார்கள் என்ற இரண்டையும் பாருங்கள்.

வானிலை மையத்தின் நிறக்குறியில் மஞ்சள் என்றால் 24 மணி நேரத்தில் சுமார் 6 முதல் 11 செ.மீ., ஆரஞ்சு என்றால் 12 முதல் 20 செ.மீ., சிவப்பு என்றால் அதற்கும் மேல். புயலுக்கான முதல் அறிவிப்பு ஏறக்குறைய 72 மணி நேரத்துக்கு முன்பும், அடுத்தடுத்தவை 48, 24, 12 மணி நேரத்துக்கு முன்பும் வரும். உங்கள் வேலைகளை அந்த 72-இல் தொடங்கி 24-இல் முடித்துவிடுங்கள். கடைசி 24 மணி நேரம் ஆட்கள் பத்திரமாக வீடு போய்ச் சேர்வதற்கானது.

3. “எப்ப ஆரம்பிக்கணும்? அக்டோபர்ல பாத்துக்கலாமா?”

ஆகஸ்ட், செப்டம்பரில் செய்ய வேண்டியவை சில உண்டு: இன்சூரன்ஸைச் சரிபார்ப்பது, பேட்டரி மாற்றுவது, கணக்கை முழுமையாக ஒருமுறை வெளியூர்ச் சர்வருக்கு ஏற்றுவது. இவை எதையும் எச்சரிக்கை வந்தபின் அவசரமாகச் செய்ய முடியாது. புயல் சின்னம் உருவான பிறகு புதுப் பாலிசி தர நிறுவனங்கள் தயங்கும். முழு ஏற்றம் ஏன் முடியாது என்பதற்கு 6-ஆம் கேள்வியில் கணக்கு இருக்கிறது. அக்டோபர் முதல் வாரத்தில் 7-ஆம் கேள்வியில் சொல்லும் சோதனையை முடியுங்கள்.

தேதிகளையும் கவனியுங்கள். 2015 வெள்ளம் டிசம்பர் 1, 2. மிக்ஜாம் மழை டிசம்பர் 3, 4. இரண்டுமே சம்பள வாரம். நவம்பர் சம்பளத்தை 28-ஆம் தேதிக்குள் போட்டுவிட்டால், ஏடிஎம் வேலை செய்யாத நாளில் உங்கள் ஆட்கள் கையில் பணம் இருக்கும். 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் கெடு உள்ள ஜிஎஸ்டி படிவங்களையும் முடிந்தவரை முன்னதாகத் தயார் செய்யுங்கள். கெடு நீட்டிப்பு வரக்கூடும், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள்.

4. “எல்லாம் டேலியிலதான் இருக்கு. டேலி பேக்கப் எடுத்தாப் போதும்ல?”

முதலில் அதை எடுங்கள். கணக்கு மென்பொருளான டேலியின் பிரைம் பதிப்பில் ஆல்ட், ஒய் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் பேக்கப் இருக்கிறது. எல்லா கம்பெனிகளையும் தேர்வு செய்தீர்களா என்று பாருங்கள். பழைய நிதியாண்டைத் தனிக் கம்பெனியாகப் பிரித்து வைத்திருப்பவர்கள் நடப்பு ஆண்டை மட்டும் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டுப் படிவத்தின் கெடுவிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்கு உங்களிடம் இருக்க வேண்டும்.

அந்தப் பேக்கப்பில் வராதவை பல. உங்கள் பில் வடிவத்துக்காக யாரோ எழுதிக்கொடுத்த டிடிஎல் கோப்பு வராது. வங்கி ஸ்டேட்மென்ட், கொட்டேஷன், வடிவமைப்பு வரைபடம், வாட்ஸ்அப்பில் மட்டும் இருக்கும் ஆர்டர், சிசிடிவி பதிவு எதுவும் வராது. டேலி உரிமம் அந்த இயந்திரத்தோடு பிணைந்தது. அதன் சீரியல் எண்ணையும் பதிவு செய்த மின்னஞ்சலையும் எழுதி வையுங்கள். அந்த மின்னஞ்சல், வேலையை விட்டுப்போன பழைய அக்கவுண்டன்டுடையதாக இருப்பது அடிக்கடி நடக்கும் கோளாறு. இப்போதே மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று: வரவேண்டிய பாக்கிப் பட்டியலை வாரம் ஒருமுறை பிடிஎஃப் ஆக எடுத்து (ஆல்ட், ஈ) உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். டேலி இல்லாத போனிலும் திறக்கும். வெள்ளம் வடிந்த மறுநாள் வசூலுக்கு அழைக்க அது ஒன்றே போதும். தாக்கல் செய்த ஜிஎஸ்டி விவரங்களைப் போர்ட்டலில் திரும்பப் பெறலாம். ரொக்க விற்பனையின் விவரமும் சரக்கு இருப்பும் பாக்கியும் அங்கே கிடையாது.

5. “தினமும் பென் டிரைவ்ல காப்பி எடுத்து டிராயர்ல வைக்கிறேன். அது போதாதா?”

அந்த டிராயர் கம்ப்யூட்டருக்குக் கீழேதான் இருக்கிறது. தண்ணீர் முதலில் டிராயரைத்தான் தொடும். பழைய விதி ஒன்று உண்டு: மொத்தம் 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்களில், அதில் 1 வேறு இடத்தில். வேலை நடக்கும் கம்ப்யூட்டர் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று, இணையச் சேமிப்பு ஒன்று என்றால் விதி நிறைவேறிவிடும். ஹார்ட் டிஸ்க்கைக் காப்பி முடிந்ததும் கழற்றிவிடுங்கள். செருகியே வைத்திருந்தால், கம்ப்யூட்டருக்கு வரும் வைரஸும் மின்னழுத்தக் கோளாறும் அதற்கும் போய்விடும்.

‘வேறு இடம்’ என்றால் வேறு தெரு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கிண்டி அலுவலகத்துக்கு வேளச்சேரிக் கிளை வேறு இடமே அல்ல. இரண்டும் ஒரே மழையில் மூழ்கும். கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ இருக்கும் உறவினர் வீட்டில் ஒரு டிஸ்க், மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்வது என்பது மலிவான, நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு மாத வேலை தொலையும் என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். அந்த இடைவெளியை இணையச் சேமிப்பு நிரப்ப வேண்டும்.

6. “டேலி ஃபோல்டரை அப்படியே கூகுள் டிரைவோட இணைச்சுட்டேன். தானா ஏறிடும், இல்ல?”

இதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, டேலி திறந்திருக்கும்போது அதன் கோப்புகள் மாறிக்கொண்டே இருக்கும். பாதி மாறிய கோப்பு மேலே ஏறினால் திரும்ப எடுக்கும்போது திறக்காது. இரண்டு, இங்கே அழிந்தால் அங்கேயும் அழியும், இங்கே கெட்டால் கெட்டதே அங்கேயும் போகும். டேலியில் முறையாகப் பேக்கப் எடுத்து, தேதி போட்ட ஃபோல்டரில் வைத்து, அந்த பேக்கப் ஃபோல்டரை மட்டும் இணையுங்கள். குறைந்தது 30 நாள்களின் பிரதிகள் தனித்தனியாக இருக்கட்டும்.

ஏற்ற நேரத்தையும் கணக்கிடுங்கள். உங்களிடம் மொத்தம் 200 ஜிபி இருக்கிறது, இணைப்பின் ஏற்ற வேகம் 20 எம்பிபிஎஸ் என்றால், மணிக்கு 9 ஜிபிதான் போகும். முழுதாக ஏற 22 மணி நேரம் ஆகும், அதுவும் கரண்டும் கேபிளும் இடையில் போகாமல் இருந்தால். முதல் முழு ஏற்றம் செப்டம்பரிலேயே முடிந்திருந்தால், புயலுக்கு முந்தைய நாள் மாறியவை மட்டும் சில நிமிடங்களில் போய்விடும்.

7. “காப்பி சரியா இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

திரும்ப எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். கடையின் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு வேறு ஒரு லேப்டாப்பில், இணையத்தில் இருக்கும் பிரதியை இறக்கி, ரெஸ்டோர் செய்யுங்கள். கடைசி பில் எண், வங்கி இருப்பு, பாக்கிப் பட்டியலின் மொத்தம் மூன்றையும் அசலோடு ஒப்பிடுங்கள். தொடங்கியதிலிருந்து முடிந்தது வரை எத்தனை மணி நேரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். புயலுக்குப் பிறகு நீங்கள் எவ்வளவு சீக்கிரம் பில் போட முடியும் என்பதற்கு அந்த எண்தான் பதில்.

இரண்டு எச்சரிக்கைகள். ரெஸ்டோர் செய்யும்போது நடப்பு டேட்டா ஃபோல்டரையே இலக்காகக் கொடுத்துவிட்டால், இன்றைய கணக்கின் மேல் பழைய கணக்கு ஏறி உட்காரும். தனி ஃபோல்டர் கொடுங்கள். அடுத்து, புதிய பதிப்பில் எடுத்த பேக்கப் பழைய பதிப்பில் திறக்காது. லேப்டாப்பிலும் அதே பதிப்பு அல்லது அதைவிடப் புதியது இருக்க வேண்டும்.

8. “சர்வர் இந்தியாவிலதான் இருக்கணும்னு ஆடிட்டர் சொல்றாரு. எல்லாருக்கும் அப்படியா?”

கம்பெனிகளுக்கு மட்டும். 2022-இல் திருத்தப்பட்ட கம்பெனிகள் கணக்கு விதிகளின்படி, மின்னணுக் கணக்கேடுகளின் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் சேமிக்கப்பட வேண்டும். தனிநபர் உரிமைக் கடைக்கும் கூட்டாண்மைக்கும் இந்த விதி இல்லை. இடம் தேர்வு செய்யும்போது மும்பை, ஹைதராபாத், புனே போன்றவற்றைப் பாருங்கள். மைக்ரோசாஃப்டின் சர்வர் சேவையான அசூரில் ‘தென்னிந்தியா’ என்று இருக்கும் இடம் சென்னையேதான்.

9. “எல்லாத்தையும் நெட்ல வெச்சுட்டேன். டவர் இல்லாம ஓடிபி வரலைன்னா எப்படி உள்ள போறது?”

நல்ல கேள்வி, குறைவாகக் கேட்கப்படும் கேள்வியும்கூட. டேட்டா பத்திரமாக இருக்கும், ஆனால் நீங்கள் வெளியே நிற்பீர்கள். மின்னஞ்சல், இணையச் சேமிப்பு இரண்டிலும், ஓடிபி வராதபோது உள்ளே போக அவசரக் குறியீடுகள் (பேக்கப் கோட்) என்று ஒரு தொகுப்பு கிடைக்கும். அதை அச்சடித்து வையுங்கள். இரண்டாவது எண்ணாக வேறு நிறுவனத்தின் சிம்மில் இருக்கும் குடும்பத்தார் ஒருவரின் எண்ணைச் சேருங்கள். பேரிடரில் ஒரு நிறுவனத்தின் சிம் மற்றொன்றின் டவரில் இயங்க அரசு அனுமதிப்பது உண்டு. அப்போது போனில் நெட்வொர்க்கைக் கையால் தேர்வு செய்து பாருங்கள்.

ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை ஒன்றில் இவற்றைப் போட்டு, புயல் எச்சரிக்கை வந்ததும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்: அவசரக் குறியீடுகள், டிஜிட்டல் கையொப்ப டோக்கன், டேலி சீரியல் எண், பாலிசி நகல், ஊழியர், வாடிக்கையாளர், சப்ளையர் எண்கள் அச்சில், விண்டோஸின் 48 இலக்க மீட்புக் குறியீடு (ஏன் என்று 15-இல் வருகிறது). சென்னை மாநகராட்சி 1913, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மின்சாரப் புகார் மையமான மின்னகம் 94987 94987 ஆகியவையும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

10. “யூபிஎஸ் இருக்கு, இன்வர்ட்டர் இருக்கு. எவ்வளவு நேரம் தாங்கும்?”

மேசைக்கடியில் இருக்கும் 600 விஏ யூபிஎஸ்ஸில் பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றுதான் இருக்கும். ஒரு டெஸ்க்டாப்புக்குச் சுமார் கால் மணி நேரம், அதுவும் பேட்டரி புதிதாக இருந்தால். கோப்பை மூடி ஒழுங்காக நிறுத்துவதற்கான நேரம் அது. இன்வர்ட்டருக்குக் கணக்கு இப்படி: 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1800 வாட்-மணி. எல்லாச் சேதாரமும் போகக் கைக்கு வருவது ஏறக்குறைய 1150. டெஸ்க்டாப்பும் மோடமும் விளக்குமாக 230 வாட் என்றால் 5 மணி நேரம். டெஸ்க்டாப்புக்குப் பதில் லேப்டாப் வைத்து 80 வாட்டுக்குள் சுருக்கினால் 14 மணி நேரம். இரண்டாவது பேட்டரி வாங்குவதைவிட லேப்டாப்புக்கு மாறுவது நல்ல வழி. லேசர் பிரின்டரை இன்வர்ட்டரில் போடாதீர்கள். சூடேறும் நொடியில் ஆயிரம் வாட்டை இழுத்துச் சுருட்டிவிடும்.

ஜெனரேட்டர் வைப்பவர்கள் 5 கேவிஏ டீசல் இயந்திரத்துக்கு மணிக்கு 1 முதல் 1.5 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு 8 மணி நேரம், 3 நாள்கள் என்றால் 24 முதல் 36 லிட்டர். கரண்ட் இல்லாவிட்டால் பெட்ரோல் பங்கின் பம்பும் ஓடாது, ஆகவே முன்பே வாங்குங்கள். மழை என்று ஷட்டருக்குள் வைத்து ஓட்டாதீர்கள். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, உள்ளே இருப்பவர் மயங்கி இறந்துபோவார். கதவு, ஜன்னலிலிருந்து 20 அடி தள்ளி வையுங்கள். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (தெரு மின்சாரத்தைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றுவது) இல்லாமல் பிளக் பாயின்ட் வழியாக வீட்டு வயரிங்கில் கொடுத்தால், அந்த மின்சாரம் தெருக் கம்பிக்குப் போகும். அறுந்த கம்பியைச் சரிசெய்யும் லைன்மேன் உயிர் அதில் போகும். இதில் சமரசமே வேண்டாம்.

11. “ஃபைபர் நெட் போட்டிருக்கேன். அது அறுந்தா?”

ஃபைபருக்கு வழியில் மின்சாரம் தேவையில்லை. உங்கள் மோடமும் நிறுவனத்தின் முனையும் உயிரோடு இருந்தால் இருட்டிலும் ஓடும். மோடத்துக்கு மட்டும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வாங்கினால் சில மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். பலவீனம் கேபிள் போகும் பாதையில் இருக்கிறது. நம் தெருக்களில் அது மரத்திலும் விளக்குக் கம்பத்திலும் தொங்குகிறது. இரண்டு நிறுவனங்களின் ஃபைபர் வாங்கினாலும் ஒரே கம்பத்தில் தொங்கினால் இரண்டும் சேர்ந்தே விழும். ஆகவே மாற்று ஏற்பாடாக மொபைல் டேட்டாவை வையுங்கள், வீட்டில் யாரும் பயன்படுத்தாத நிறுவனத்தின் சிம்மில். கார்டு இயந்திரத்தின் சிம்மும் அப்படியே. மூன்று நாளுக்கான சில்லறை ரொக்கமும் தேவை.

12. “கம்ப்யூட்டரையும் சரக்கையும் எவ்வளவு உயரத்துல வைக்கணும்?”

பக்கத்துக் கடைக்காரரிடம், அங்கே நெடுநாள் இருப்பவர்களிடம் கேளுங்கள்: 2015-இல் எவ்வளவு, 2023-இல் எவ்வளவு? அந்தக் கோடுகளைச் சுவரில் பெயின்டால் போடுங்கள். உயர்ந்த கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி விட்டு அடுக்கத் தொடங்குங்கள். அது நடக்காத உயரமென்றால் மாடியில் இடம் பேசி வைப்பதே வழி. சர்வர், யூபிஎஸ், நெட்வொர்க் பெட்டி மூன்றும் தரையில் இருக்கவே கூடாது. யூபிஎஸ்ஸைத் தரையிலேயே வைத்துவிடுவதுதான் பொதுவான தவறு. மெயின் சுவிட்ச்சை இறக்கினாலும் அதன் பேட்டரியில் மின்சாரம் இருக்கும், அதை மறந்து தண்ணீரில் கால் வைப்பார்கள்.

தண்ணீர் வாசல் வழியாக மட்டும் வருவதில்லை. தெருச் சாக்கடை நிரம்பியதும் கழிப்பறை வழியாகவும் தரை வடிகால் வழியாகவும் பின்னோக்கி ஏறும். பிளாஸ்டிக் சாக்கில் மணல் நிரப்பி அந்த இரண்டையும் அடைத்து வையுங்கள். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவிடுங்கள், காலித் தொட்டி காற்றில் பறக்கும். பெயர்ப்பலகை, தகரம், பிளெக்ஸ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கண்ணாடியில் பெருக்கல் குறி போல டேப் ஒட்டுவதால் கண்ணாடி உறுதியாவதில்லை.

13. “நாளைக்குப் புயல். இன்னிக்கு மத்தியானம் என்ன பண்ணணும்?”

முதலில் கடைசி பேக்கப். இணையத்தில் ஏறி முடிந்ததா என்று போனில் திறந்து பாருங்கள். பிறகு இயந்திரங்களை முறையாக நிறுத்தி, பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்குங்கள். கரண்ட் திரும்ப வரும்போது ஏறி இறங்கும் மின்னழுத்தம் புயலைவிட அதிகக் கருவிகளைக் கெடுக்கும். கம்ப்யூட்டரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி உயரத்தில் வையுங்கள். லிஃப்டை மேல்தளத்தில் நிறுத்தி அணையுங்கள். வேனை மேட்டில் விடுங்கள். கடையின் ஒவ்வோர் அலமாரியையும் வீடியோ எடுங்கள், இருப்பு தெரியும்படி. எரிவாயுவையும் மெயினையும் மூடுங்கள். 9-ஆம் கேள்வியின் உறையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

புயல் நடுவே காற்று திடீரென்று அடங்கினால் ‘முடிந்தது’ என்று கடையைப் பார்க்க ஓடாதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று வரும்.

14. “தண்ணி வடிஞ்சுது. உள்ள போனதும் முதல்ல என்ன?”

மெயினைத் தொடுவதற்கு முன் நீங்கள் நிற்கும் இடம் காய்ந்திருக்க வேண்டும். தண்ணீர் தேங்கி நின்றால் எலக்ட்ரீஷியன் வரும்வரை காத்திருங்கள். பிறகு எதையும் நகர்த்தாமல் படம் எடுங்கள், சுவரில் தண்ணீர் நின்ற கோடும் சேர. நனைந்த எந்தக் கருவியையும் ‘ஓடுதா பாப்போம்’ என்று போடாதீர்கள். தண்ணீரால் சாகாத போர்டு அந்த ஒரு சோதனையில் சாகும். வேன் மூழ்கியிருந்தாலும் இதேதான். இன்ஜினைக் கிளப்பினால் உள்ளே போன தண்ணீர் கனெக்டிங் ராடை வளைத்துவிடும்.

15. “ஹார்ட் டிஸ்க் நனைஞ்சுபோச்சு. அரிசியில போட்டு வைக்கலாமா?”

வேண்டாம். வெயிலும் ஹேர் டிரையரும்கூட வேண்டாம். சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் காற்றுக்கான சிறு துளை உண்டு, அதன் வழியே வெள்ளச்சேறு உள்ளே போயிருக்கும். காய்ந்தால் அது தட்டின் மேல் படிந்து இறுகும், பிறகு மீட்பது கடினம். ஈரத்தோடே காற்றுப்புகாத பையில் போட்டு, தூய அறை வைத்திருக்கும் தரவு மீட்பு நிறுவனத்துக்கு அனுப்புங்கள். செலவு ஆயிரங்களில் தொடங்கி லட்சத்தையும் தொடலாம், உத்தரவாதமும் கிடையாது. 5-ஆம் கேள்வியில் சொன்ன டிஸ்க்கின் விலையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

டிஸ்க் நனையாமல் போர்டு மட்டும் போன கம்ப்யூட்டர்களில் வேறொரு சிக்கல் வரும். இப்போதைய விண்டோஸ் 11 இயந்திரங்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். வேறு கம்ப்யூட்டரில் செருகினால் 48 இலக்க மீட்புக் குறியீடு கேட்கும். அது இல்லாமல் எந்த மெக்கானிக்காலும் திறக்க முடியாது. பெரும்பாலும் அது நீங்கள் உள்நுழைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே எடுத்து அச்சடியுங்கள்.

16. “பேங்க் லோன் எடுத்தப்பவே இன்சூரன்ஸ் போட்டுட்டாங்க. எல்லாம் கிடைச்சிடும்ல?”

பாலிசியை எடுத்து நான்கு இடங்களைப் படியுங்கள். புயல், வெள்ளம் சேர்ந்திருக்கிறதா? பிரீமியம் குறைய அதை நீக்கியிருக்கலாம். முகவரி எது? கடை மட்டும் இருந்து குடோன் முகவரி இல்லையென்றால் குடோன் சரக்குக்கு ஒன்றும் வராது. தொகை எவ்வளவு? 40 லட்சம் சரக்குக்கு 20 லட்சத்துக்குப் போட்டிருந்தால், 10 லட்சம் நஷ்டத்துக்கு விகிதப்படி 5 லட்சம்தான் கணக்காகும். தீபாவளி, பொங்கலுக்காகச் சரக்கை இரட்டிப்பாக்கும் துணிக்கடைகள் இதில் மாட்டிக்கொள்கின்றன. நான்காவது, ஒவ்வொரு நஷ்டத்திலும் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை.

கடை மூடியிருந்த நாள்களின் வருமான இழப்பு இதில் வராது, அதற்குத் தனிப் பாலிசி. கணக்கைத் திரும்பத் தட்டச்சு செய்யும் செலவும் மின்னணுக் கருவிகளுக்கான பாலிசியில் கேட்டுச் சேர்த்தால்தான் உண்டு. நஷ்டத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கும்வரை நனைந்த சரக்கை அப்புறப்படுத்தாதீர்கள். அழுகும் பொருளானால் மின்னஞ்சலில் சொல்லி, பதில் வாங்கி, படமெடுத்து, மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு அப்புறப்படுத்துங்கள். வங்கிக்கு மாதாமாதம் கொடுக்கும் இருப்புப் பட்டியலை சர்வேயர் கேட்பார். அதில் ஓர் எண், டேலியில் வேறோர் எண் என்றால் கோரிக்கை இழுபடும்.

17. “சரக்கு வெள்ளத்துல போச்சு. அதுக்கு எடுத்த ஜிஎஸ்டி கிரெடிட்டையும் திருப்பிக் கட்டணுமா?”

ஆம். அழிந்துபோன சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் கிரெடிட்) கிடையாது என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(எச்) பிரிவு சொல்கிறது. எடுத்ததை மாதப் படிவத்தில் திரும்பக் காட்ட வேண்டும். 50 லட்சம் சரக்குக்கு 18 சதவீதம் என்றால் 9 லட்சம், சின்னத் தொகை அல்ல. ஆகவே பாலிசி போடும்போதே காப்பீட்டுத் தொகை ஜிஎஸ்டியைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று எழுத்தில் தெளிவுபடுத்துங்கள். சேர்க்காமல் போட்டிருந்தால் அந்த வரி உங்கள் கையிலிருந்துதான் போகும். நனைந்ததைக் குறைந்த விலைக்கு வரி போட்டு விற்றால் அது அழிவு ஆகாது, விற்பனை. எது எதில் வரும் என்று ஆடிட்டரோடு உட்கார்ந்து பிரியுங்கள்.

18. “பழைய பில் புக், பத்திரம் எல்லாம் நனைஞ்சு ஒட்டிக்கிச்சு. வெயில்ல காயவைக்கவா?”

ஒட்டிய தாள்களைப் பிரிக்காதீர்கள், கிழியும். இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். அதற்குள் கட்டுக் கட்டாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கரண்ட் இருக்கும் ஒரு வீட்டின் ஃப்ரீசரில் உறையவிடுங்கள். உறைந்த நிலையில் கெடாது. பிறகு நேரம் கிடைக்கும்போது ஒவ்வொரு கட்டாக எடுத்து, நிழலில் மின்விசிறிக் காற்றில், இடையே வெள்ளைத் தாள் வைத்து உலர்த்துங்கள். முதலில் எடுக்க வேண்டியது பத்திரமும் வாடகை ஒப்பந்தமும், அடுத்தது வசூலாகாத பில்கள். வெப்பத் தாளில் அச்சான ரசீதுகள் தேறாது. அவற்றை வாங்கிய அன்றே படம் எடுத்துப் பேக்கப் ஃபோல்டரில் போடுங்கள்.